கணப்பு மூட்டாத வீடு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பாலக்கரையில் எனக்கு மட்டும் கொண்டாட்டம். ஊரே ஈரத்துணி காயப்போட இடமில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்; என் கரிக்கடையில் நிற்க இடமிருக்காது. வயசானவர்களுக்கு, இருமல்காரர்களுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, எல்லாருக்கும் கணப்பு வேண்டும். மண்சட்டியில் கரியைப் போட்டு, நன்றாகக் கனிந்த பிறகு அறை மூலையில் வைத்துவிட்டால் விடிகிறவரை கதகதப்பாக இருக்கும். எங்களுடையது திருச்சி வெயிலுக்குப் பழகின உடம்பு. வருஷமெல்லாம் வெந்து கிடந்துவிட்டு, கொஞ்ச நாள் ஊதல்காற்றுக்குப் பல் கிட்டி நடுங்கிப்போய்விடுவோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த மழையில் தவறாமல் என் கடைக்கு வந்து, தவறாமல் ஒன்றும் வாங்காமல் திரும்புகிறவன் ஒருத்தன் இருந்தான். சவரிராயன் என்று பெயர். எங்கள் தெருவுக்குப் பின்சந்தில் குடியிருந்தான். மீசை முளைக்கிறதற்கு முன்பே ரயிலில் இஞ்சின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு பயர்மேன் ஆனவன். தஞ்சாவூர் போனாலும் திண்டுக்கல் போனாலும் இஞ்சின் வாய்க்குள் கரி அள்ளிப் போடுவதுதான் அவன் பிழைப்பு. கைமயிரும் புருவமும் பொசுங்கிப்போய், எந்நேரமும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு முகம். வேலை விட்டு வருவான், காலிச் சாக்கின் மேல் உட்காருவான், அடுக்கியிருக்கிற சட்டிகளில் ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பான்.

“நல்லா வெந்திருக்குக்கா.”

“வெந்திருக்கில்ல? எடுத்துக்கிட்டுப் போ.”

“மழை கொஞ்சம் விடட்டும்.”

“மழை விட்டப்புறம் கணப்பு எதுக்குடா, அப்பளம் சுடவா?”

சிரிக்க மாட்டான். சட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, “நாளைக்கு வரேங்க்கா” என்று எழுந்து போவான். மறுநாளும் வருவான். தை பிறந்து வெயில் முகம் காட்டுகிறவரை இதே கூத்துதான். பகலெல்லாம் நெருப்போடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டிலுமா நெருப்பைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். நான் அவனைக் கஞ்சப்பயல் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராகவே சொன்னேன். எதையும் மனசில் பூட்டி வைத்துக்கொண்டு திரிகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டினான்.

அவன் பெண்டாட்டி லூர்துராணி லால்குடிப் பெண். புகையிலை இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்துச் சுருட்டுக் கடைக்குக் கொடுக்கிற வேலையை வீட்டில் உட்கார்ந்தபடி செய்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றடியில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியோடு சண்டை போட்டுவிட்டு, அவளிடமே போய் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

காவேரியும் கொள்ளிடமும் கரை தெரியாமல் ஒன்றாகிப்போன அந்தப் பெருவெள்ளத்து வருஷம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். கார்த்திகையில் ஆண்பிள்ளை பிறந்தது. சவரிராயன் பிள்ளையைப் பார்க்கப் போய் ஒரு ராத்திரி மாமியார் வீட்டில் தங்கினான். விடிந்து கதவைத் திறந்தால் பிள்ளை அவள் கைக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அவளையும் உலுக்கி உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்ததாம். எழுந்தவள் வாந்தி எடுத்திருக்கிறாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாளாம்: “பாவி, புள்ள மேல உருண்டு படுத்துட்டியேடி!”

அந்த ஒரு கத்தல் போதும். தூக்கத்தில் பிள்ளையை அமுக்கிவிட்டவள் என்று ஆகிவிட்டது. பெற்ற அசதியில் அசந்து தூங்குகிறவளுக்கு இப்படி நேர்ந்துவிடும் என்று எங்கள் பக்கம் எல்லாப் பெண்களுக்கும் சொல்லித்தான் வைத்திருப்பார்கள். அதனால் யாரும் இதை மறுத்துக் கேட்கவில்லை. யாரும் அவளை ஏசவுமில்லை, ஒதுக்கவுமில்லை. சொல்லப்போனால் எல்லாரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பாலக்கரைக்குத் திரும்பி வந்தவள் வேறொருத்தி. அழவில்லை, சிரிக்கவில்லை, சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவாள், வருவாள், சோறு வடிப்பாள், இலை கிழிப்பாள். கொட்டுகிற மழையில் கிணற்றடியிலிருந்து நனைந்து வந்து அந்தச் சேலையோடேயே உட்கார்ந்திருப்பாள்.

“குளிரலையாடி உனக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியலக்கா” என்றாள்.

யாராவது தங்கள் பிள்ளையை அவளிடம் நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். தூங்குவதும் உட்கார்ந்தபடிதான், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. காலை நீட்டி அவள் படுத்து நான் பார்த்ததில்லை.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. மறுபடியும் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர. பிரசவத்துக்கு லால்குடி போகிறாயா என்று கேட்டதற்கு “இல்ல” என்ற ஒரே வார்த்தை. ஐப்பசி வந்தது. சவரிராயனும் வழக்கம்போலச் சாக்கில் வந்து உட்கார்ந்தான்.

“இந்த வருஷம் உன் சாக்குப்போக்கெல்லாம் நடக்காது பாத்துக்க. பெத்தவ அறையில கணப்பு இல்லாம வெச்சிருக்கிறது எந்த ஊருப் பழக்கம்டா?”

“தையிலதானக்கா பொறக்கும். அதுக்குள்ள வாங்கிடுறேன்.”

“தைக்குள்ள எப்ப?”

“நாளைக்கு.”

ஒரு சட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். அதைச் சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவன்போலக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவனைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்து ஒருமுறை வாய்விட்டுத் திட்டினேன். கரி வாங்க வந்த ஜெகபர் அலி, “யாரம்மா அந்தப் பாக்கியசாலி?” என்று கேட்டுவிட்டுத் தன் கூடையைப் பத்திரமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பிள்ளை தை வரைக்கும் காத்திருக்கவில்லை. கார்த்திகை அடைமழையில், நாள் நிறைவதற்கு வெகு முன்பாகவே பிறந்துவிட்டது. மருத்துவச்சி இருசம்மாள் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

“பொம்பளப் புள்ள. எலிக்குஞ்சாட்டம் இருக்கு வள்ளிக்கண்ணு. அழக்கூட சத்தில்ல. அது பொழைக்கிறதுன்னா சூட்டுலதான் பொழைக்கணும். ஒண்ணு தாய் மேலேயே கெடக்கணும், இல்ல கணப்புப் பக்கத்துல கெடக்கணும். அந்த வீட்டுல ரெண்டுமில்ல.”

கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஒரு முறத்தில் பஞ்சைப் பரப்பி, பழைய வேட்டித் துண்டால் சுற்றிப் பிள்ளையைப் போட்டிருந்தார்கள். லூர்துராணி அறையின் அந்தக் கோடியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். பாலுக்கு நேரமானால் இருசம்மாள் பிள்ளையைக் கொண்டுபோய் மாரில் வைப்பாள். இவள் கைபடாமல் விறைத்து உட்கார்ந்து கொடுப்பாள். பிள்ளை வாயை எடுத்த உடனே “எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க” என்பாள். நான் முறத்துக்குள் கையை விட்டு அந்தக் காலைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை அந்தப் பாதம்.

“ஏண்டி, உன் மேல போட்டுக்கிட்டுச் சித்த நேரம் படுக்கக் கூடாதா? புள்ள வெறைச்சுப் போகுதுடி.”

“எங்கிட்ட குடுக்காதீங்கக்கா. எனக்குத் தூக்கம் தூக்கமா வருது.”

அந்தக் குரலில் பயம்கூட இல்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். எனக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கடைக்கு வந்து, நல்ல சட்டியாகப் பார்த்து எடுத்து, நானே கரியைக் கனிய வைத்து, கடை ஆள் தலையில் ஏற்றி அனுப்பினேன். இனிமேல் பிள்ளைக்குப் பயமில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

காலையில் எட்டிப் பார்க்கலாமென்று போனால் என் சட்டி சந்தில் கிடக்கிறது. நிறைய மழைத்தண்ணீர், அதில் கரி மிதக்கிறது.

உள்ளே இருசம்மாள் பிள்ளையைத் தன் சேலைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிய விடிய அவள்தான் வைத்திருந்தாளாம். “அந்த ஆளு சட்டிய வாசப்படி தாண்ட விடல. நான் சத்தம் போட்டும் கேக்கல. வரகனேரியில ஒருத்திக்கு வலி கண்டிருக்கு, நான் போயாகணும். புள்ளைக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு வள்ளிக்கண்ணு” என்றாள். லூர்துராணி அதே சுவரில், அதே மாதிரி. அவன் எங்கே என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறான் என்றார்கள்.

நான் கடைக்குத் திரும்பி வந்து சேர்கிறேன், அவன் என் கடைக்கு முன்னால் நிற்கிறான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான்.

“சாமியாரக் கூட்டிட்டு வரப் போறேங்க்கா. ஞானஸ்நானம் குடுத்துடலாம்னு. புள்ள தாங்காது போலருக்கு.”

என் கைக்கு எது அகப்பட்டதோ அதை எடுத்து வீசினேன். ஒரு கரிக்கட்டி. அவன் நெஞ்சில் பட்டு வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டு விழுந்தது. அவன் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

“அது சாகறதுக்குப் பேரு வெக்கப் போற. பொழைக்கிறதுக்கு ஒரு சட்டி நெருப்பு வெக்க உனக்குக் கை வரலையாடா? வெச்ச நெருப்பையும் தூக்கி மழையில வெச்சியே, நீ மனுஷனா? வாயத் தொறந்து சொல்லு. இன்னிக்கு நீ சொல்லாம இந்த எடத்த விட்டு நகர முடியாது.”

அவன் கண் கரி மூட்டைகளின் பக்கம் போயிற்று.

“கணப்புதாங்க்கா கொன்னுச்சு” என்றான்.

“எத?”

“மொதப் புள்ளைய.”

பிறகு சொன்னான். அழாமல், குரல் ஏறாமல், வண்டி எந்தெந்த ஊரில் நிற்கும் என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். வெள்ளத்தில் மாமியார் வீட்டு ஜன்னல் கதவு போய்விட்டது. கார்த்திகையாகியும் சுவரில் ஈரம் இறங்கவில்லை. மருமகன் வெறுங்கையோடு போகக் கூடாதென்று, இஞ்சினிலிருந்து இழுத்துக் கொட்டுகிற பாதி வெந்த கரியில் ஒரு மூட்டை கொண்டுபோயிருக்கிறான். மரக்கரி மாதிரி பொசுக்கென்று அணைந்துவிடாது, புகையும் தெரியாது என்று மாமியாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவனே சட்டியை நிரப்பினான், அவனே மூட்டினான். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதென்று அந்தச் சாக்கையே ஜன்னலில் திணித்து அடைத்தான். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே படுத்துக்கொண்டான்.

“காலைல கதவத் தொறந்ததும் எனக்கே தலை கிறுகிறுன்னுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இஞ்சின் ஷெட்டுல ஒரு சின்ன ரூம்பு இருக்குக்கா. அந்தக் கரியப் போட்டுத்தான் நாங்க குளிர் காய்வோம். ஆனா கதவச் சாத்த மாட்டோம். சாத்துனா எழுந்திருக்கவே முடியாதுன்னு வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிருவாங்க. எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சிருந்தும் அன்னிக்கு நெனப்பு வரல. புள்ளைக்குக் குளிருமேங்கிற ஒண்ணுதான் நெனப்பு.”

“சட்டிய யாரும் பாக்கலியா?”

“யாரும் வர்றதுக்குள்ள எடுத்துக் கொல்லையில வெச்சுட்டேன். ஏன் எடுத்தேன்னு இப்பவும் தெரியல. அதுக்குள்ள அவங்க அம்மா வந்து அப்படிக் கத்துனாங்க. கணப்பு ஆளக் கொல்லும்னு அங்க யாருக்கும் தெரியாது. நான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் நின்னுக்கிட்டுத்தாங்க்கா இருந்தேன்.”

பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடியே அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறவள் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாக அவளுடைய ஒவ்வொரு சாயங்காலத்தையும் இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான்.

“அவளுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“நெருப்புக்குப் பயந்து நீ மூட்ட மாட்டேங்கிற. தூக்கத்துக்குப் பயந்து அவ தொட மாட்டேங்கிறா. நடுவுல கெடந்து அது வெறைக்குது. சாமியாரு கெடக்கட்டும், நட வீட்டுக்கு.”

சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அறை வாசலில் அவன் நின்றுவிட்டான். மழை சொட்டச் சொட்ட நின்றான். இருசம்மாள் பிள்ளையை முறத்தில் கிடத்தக் குனிந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் போக நேரமாகிவிட்டது. நான் கையைக் காட்டிச் சித்த நேரம் இருக்கச் சொன்னேன்.

“சொல்லு” என்றேன் அவனிடம்.

“ராணி” என்றான். நான் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

“ராணி, லால்குடியில... புள்ள மேல நீ படுக்கல.”

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“நான் போட்ட கணப்பு. ஜன்னல நாந்தான் அடைச்சேன், கதவ நாந்தான் சாத்துனேன். அந்தக் கரி மூச்ச அடைச்சிடும். எனக்குத் தெரியும். உனக்கும் அதான் மயக்கம் வந்துச்சு. நீ படுக்கல. நாந்தான்.”

அவள் எழுந்து வந்து அவன் முகத்தில் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அரிவாள்மணையைத் தூக்கியிருப்பேன். அவள் அசையவில்லை. கணக்குச் சரியாக வராதவள்போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு முழிச்சப்ப சட்டியக் காணோம்” என்றாள் மெதுவாக. “மூலையில வெச்சிருந்தீங்க. சாயங்காலம் செவப்பாத் தெரிஞ்சுது. காலைல பாத்தா இல்ல. நான் கனவு கண்டேன்னு நெனச்சேன்.”

“நாந்தான் எடுத்துட்டேன்.”

“அப்ப நான் இல்லையா?”

“நீ இல்ல.”

அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நான் இல்லையா?”

“இல்லடி. நீ இல்லவே இல்ல” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் மூக்கு ஒழுகும், அசிங்கமாக இருக்கும். அதைப் பற்றியெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்?

அவள் இருசம்மாளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். “குடுங்க” என்றாள்.

பாயை இழுத்துப் போட்டேன். அவள் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு, சுவரை விட்டு நகர்ந்து, தரையில் ஒரு கையை ஊன்றி மெல்லப் படுத்தாள். காலை நீட்டினாள். இருசம்மாள் பிள்ளையைத் துணியெல்லாம் அவிழ்த்து வெறும் உடம்பாக அவள் மாரில் கிடத்தி, இரண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால் மூடினாள். மூடின பிறகு லூர்துராணிக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. பல் தந்தி அடித்தது.

“குளிருதுக்கா” என்றாள்.

“குளிரும்டி, மழையில்ல பெய்யுது” என்று என் முந்தானையையும் இழுத்துப் போர்த்தினேன்.

வாசலிலிருந்து அவன், “கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு கொஞ்சமா மூட்டட்டுமா?” என்று கேட்டான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “அவர வெளிய இருக்கச் சொல்லுங்கக்கா” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது. தாழ்வாரத்துக்கு அப்பால், நனைகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

உதறல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. கம்பளிக்குள் பிள்ளை முண்டியது. பூனைக்குட்டிக் குரலில் ஒரு சத்தம் வந்தது. இருசம்மாள் கையை உள்ளே விட்டு அதன் காலைத் தொட்டுப் பார்த்து, எனக்குத் தலையசைத்தாள். லூர்துராணிக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்துவிடப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்னத் தலையின் மேல் வாயை வைத்துச் சொன்னாள்:

“நான் இல்லையாம்டி. நான் இல்லையாம்.”